விலைவாசி இறங்கி வந்தார்

"மணிக்கணக்குன்னா எனக்கு ஒத்து வராதுடா தம்பி. நீ விளையாடு. நான் இனிமே வரல" என்றார் அண்ணன்.

திரையில் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்த அண்ணனின் பொம்மை தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டது. பிறகு மறைந்துபோனது. பக்கத்தில் தம்பியின் பொம்மை மட்டும் தண்ணீரைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தது.

தம்பி தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? அந்த மணிக்கணக்கைக் கொண்டுவந்த புண்ணியவானே அவர்தான்.

அவர் வேலை பார்த்தது ஒரு விளையாட்டு நிறுவனத்தில். வியர்வை சிந்தும் விளையாட்டில்லை. மாதச் சந்தா கட்டிவிட்டால் வீட்டில் உட்கார்ந்தபடியே திரையில் கால்பந்து ஆடலாம், கார் பந்தயம் விடலாம், சதுரங்கம் ஆடலாம், மீன் பிடிக்கலாம். அந்தச் சந்தாவை எப்படி, எவ்வளவு வாங்குவது என்று தீர்மானிப்பது அவருடைய பொறுப்பு. அதனால் ஆபீசில் அவருக்கு 'விலைவாசி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் மாடிப்படி ஏறினால், "பாத்தியா, விலைவாசி ஏறுது" என்பார்கள். லீவு போட்டால், "இன்னிக்கு விலைவாசி கட்டுக்குள்ள இருக்கு" என்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார்.

அண்ணன் வேறு ஊரில் பல் டாக்டர். பகலெல்லாம் ஊரார் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவர். அண்ணன் தம்பிக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. ஆனால் போனில் பேசினால், "சாப்டியா?" "சாப்டேன்." "அங்க மழையா?" "இல்ல" என்பதோடு பேச்சு நின்றுபோகும். அப்புறம் இருவரும் மூச்சு விடுவது மட்டும் கேட்கும்.

குளத்தங்கரையில்தான் நிலைமை மாறியது. சாயங்காலம் இருவரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூண்டிலைப் போட்டு உட்கார்ந்தால் பேச்சு அருவியாகக் கொட்டும். சரியாகச் சொன்னால், விலைவாசிதான் கொட்டுவார். ஏன் மாதச் சந்தாவைவிட வருடச் சந்தா நல்லது, போட்டிக் கம்பெனிக்காரன் ஏன் உருப்படமாட்டான், மேலதிகாரி மேடம் மீட்டிங்கில் அவரை எப்படிப் பாராட்டினார், அதைக் கேட்டு யார் யார் முகம் சுருங்கியது என்று எல்லாம் வரும். அண்ணன் "ம்" என்பார். சில நாள் "ம்ம்" என்பார்.

வீட்டில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. "ஆபீஸ் கதைய செருப்போட சேத்து வாசல்லயே விட்டுட்டு வாங்க" என்று மனைவி என்றைக்கோ சொல்லிவிட்டாள். ஆக, உலகத்தில் தன் பேச்சை முழுசாகக் கேட்கிற ஒரே ஜீவன் அண்ணன்தான் என்பது விலைவாசியின் எண்ணம்.

அந்த ஜீவனைத்தான் இப்போது அவரே துரத்திவிட்டார். 'விளையாடுகிற நேரத்துக்கு மட்டும் காசு' என்று அவர் புதுத் திட்டம் போட்டபோது, குறைவாக விளையாடுகிறவர்களுக்கு நல்லதுதானே என்று எல்லோரும் கை தட்டினார்கள். மணிக்கணக்கில் மீனுக்காகக் காத்திருக்கும் அண்ணனை மட்டும் யாருக்கும் நினைவில்லை, அவருக்கும்கூட.

"பல் டாக்டருக்கு இது கட்டுப்படியாகலையா?" என்றாள் மனைவி, நம்பாமல்.

"அண்ணன் சிக்கனம்."

"அப்ப நீங்களே அவருக்குக் கட்டிடுங்களேன்."

"கேட்டுப் பாத்துட்டேன். 'தம்பி காசுல மீன் பிடிக்கற அளவுக்கு நான் போகல'ன்னுட்டார். மானஸ்தன்." விலைவாசி மூக்கை உறிஞ்சினார். "சொல்லும்போது குரலே கம்மிடுச்சு தெரியுமா?"

மறுநாள் மேடத்தின் முன்னால் போய் நின்றார்.

"திட்டத்துல ஒரு சின்னத் திருத்தம் மேடம். விளையாட்டுல சும்மா காத்திருக்கற நேரத்துக்குக் காசு வாங்கறது தர்மமில்ல. காத்திருப்பு இலவசம், விளையாட்டுக்கு மட்டும் காசுன்னு வெச்சிடலாம்."

"கம்பெனிக்கு நல்ல பேரு வருமா?"

"வாழ்த்துவாங்க மேடம்."

மேடம் தலையாட்டினார். புரோகிராமர் பெண் பெருமூச்சு விட்டுக்கொண்டே மாற்றி எழுதினாள்.

விளைவு உடனே தெரிந்தது. யாருமே விளையாடவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். கால்பந்து மைதானத்தில் இரண்டு அணிகளும் பந்தைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தன. 'நீ முதலில் கிளம்பு' என்று கார்கள் தொடக்கக் கோட்டில் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. சதுரங்கத்தில் ஒரு அம்மாள் முதல் நகர்த்தலை யோசிக்க ஆரம்பித்தவர், யோசித்தபடியே சமையலை முடித்து, துணி துவைத்து, கடைக்கும் போய்விட்டு வந்தார்.

விலைவாசி இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணனுக்கு போன் போட்டார்.

"அண்ணா, காத்திருக்கறதுக்குக் காசு இல்ல! நீ வரலாம்!"

அந்தப் பக்கம் அண்ணன் இரண்டு தடவை இருமினார்.

"அது சரிடா... ஆனா மீன் கடிச்சதும் மீட்டர் ஓட ஆரம்பிச்சிடுமே. அத நெனச்சாலே படபடன்னு வருது. வயசாச்சுடா எனக்கு."

அண்ணனுக்குப் படபடப்பா? விலைவாசிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனுஷன் நிம்மதியாக மீன் பிடித்துக்கொண்டிருந்தான், அவன் நெஞ்சில் மீட்டரை மாட்டிவிட்டோமே என்று குமைந்தார்.

மறுநாள் மேடத்திடம் புதுத் திருத்தத்தோடு போனார்.

"மணிக்கணக்கே வேண்டாம் மேடம். ஜெயிச்சாத்தான் காசு. தோத்தவன் எதுக்குக் குடுக்கணும்? அவனே நொந்து போயிருப்பான்."

"முந்தின தடவையும் வாழ்த்துவாங்கன்னுதான் சொன்னீங்க."

"இந்தத் தடவை நிச்சயமா வாழ்த்துவாங்க."

புரோகிராமர் பெண் இம்முறை பெருமூச்சுகூட விடவில்லை. நாற்காலியை அவர் பக்கம் திருப்பி அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாற்றினாள்.

ஊரே தோற்கக் கிளம்பியது. கோல்கீப்பர்கள் பந்தைத் தூக்கித் தங்கள் வலைக்குள்ளேயே போட்டார்கள். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்த கார்கள் சடாரென்று பிரேக் போட்டு, பின்னால் வந்தவனுக்கு வழிவிட்டன. அவனும் லேசுப்பட்டவனில்லை, ரிவர்ஸ் எடுத்தான். சதுரங்க ராஜாக்கள் காவலை விட்டுவிட்டு எதிரியின் வீட்டுக்கு நடந்தே போய் நின்றார்கள்.

கீழ்த்தளத்தில் புகார் கேட்கும் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். காதில் போனை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவார். அவர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"விலைவாசி சார், ஒருத்தர் அழுவறார். தெரியாம ஜெயிச்சுட்டாராம். வேணும்னு செய்யலையாம். காசத் திருப்பிக் கேக்கறார்."

"தெரியாம எப்படிக்கா ஜெயிப்பாங்க?"

"எதிராளி அவரவிடத் திறமையா தோத்துட்டானாம்."

அண்ணன் என்ன சொல்வாரோ என்ற கவலைதான் விலைவாசிக்கு. போன் போட்டார். அண்ணன் அலுத்துக்கொண்டார்.

"இப்ப மீன் மாட்டித் தொலச்சிடுமோன்னு பயந்துகிட்டு, புழு வைக்காமத் தூண்டில் போடணும். அதுக்கு நான் எங்க வீட்டு பக்கெட்டு முன்னாடியே உக்காந்துடுவேனேடா."

"வேற என்ன பண்ணினா வருவ, சொல்லேன்."

"எனக்காக நீ எதுவும் பண்ணாதடா. உன் உத்தியோகத்தப் பாரு. ரொம்ப அலட்டிக்காத" என்றார் அண்ணன். குரலில் கெஞ்சலே இருந்தது. தனக்காக அண்ணன் எப்படிக் கவலைப்படுகிறார் என்று விலைவாசிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட அண்ணனுக்காக எதையும் செய்யலாம் என்று தோன்றியது.

செய்தார். 'தோற்றவன்தான் காசு கட்ட வேண்டும்' என்று தலைகீழாகத் திருப்பினார். மீன்பிடியில் தோற்பது என்பதே கிடையாது. மீன் மாட்டாவிட்டால் அது பொறுமை, தோல்வியில்லை. ஆக, அண்ணனுக்கு எந்தச் செலவும் வராது. இப்படியொரு அருமையான வழி முதலிலேயே தோன்றாமல் போயிற்றே என்று தன் தலையில் தானே செல்லமாகக் குட்டிக்கொண்டார்.

இந்த முறை பெரிய கலவரம் ஒன்றும் இல்லை. புகார் அக்கா மட்டும் மறுபடி மேலே வந்தார். மூச்சு வாங்கவில்லை. நிதானமாக ஏறி வந்திருந்தார்.

"இத நீங்களே கேளுங்க சார்" என்று போனை நீட்டினார்.

ஒரு பெண் குரல் பேசியது. கோபமே இல்லாத குரல்.

"எம் பொண்ணு ரொம்ப நாள் ஆஸ்பத்திரில இருந்தா சார். வீட்டுக்கு வந்தும் வெளிய போக முடியாது. இந்தக் கார் பந்தயத்துலதான் அவளுக்கு நாலு சிநேகிதம். அவ மெதுவாத்தான் ஓட்டுவா. முன்னெல்லாம் கடைசியா வந்தாலும் மத்த பசங்க நின்னு கூட்டிட்டுப் போவாங்க. இப்ப அவ இருக்கற அணி தோத்தா எல்லாருக்கும் காசு போவுதுன்னு, அவளச் சேத்துக்கவே மாட்டேங்கறாங்க. திட்டறதுக்காக போன் பண்ணல சார். அந்தப் பழைய மாதிரியே ஒரு கட்டணம் வாங்கிக்குவீங்களான்னு கேக்கலாம்னுதான்..."

விலைவாசி போனைத் திருப்பிக் கொடுத்தார். "பாக்கறேம்மான்னு சொல்லுங்கக்கா" என்றார். தானே அதைச் சொல்ல அவரால் முடியவில்லை.

எங்கோ ஒரு பெண் குழந்தை, ஓடாத காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யாராவது கூப்பிடுவார்களா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குளத்தங்கரையில் தன் பொம்மை உட்கார்ந்திருப்பதைப் போலவே. இத்தனை வருஷமும் விளையாட்டுக்கு விலை போடுவதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் காசு கட்டியது விளையாட்டுக்கா என்ன? பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதற்கு. அது அவர் மண்டையில் உறைக்க, ஊரையே ஒரு சுற்று தோற்கடிக்க வேண்டியிருந்தது.

மேடத்தின் அறைக்குள் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பழைய மாசச் சந்தாவுக்கே போயிடலாம் மேடம். இதெல்லாம் நான் கம்பெனிக்காகப் பண்ணல. எங்க அண்ணன் விளையாட வரணும்னு பண்ணினேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எத்தன லட்சம் பேர் விளையாடறாங்க நம்மகிட்ட?"

"தெரியும் மேடம்."

"அத்தன பேரையும் ஆட்டி வெச்சது ஒரு ஆளுக்காகவா?"

"அண்ணன் மேடம்" என்றார் விலைவாசி.

பழைய சந்தா திரும்பி வந்தது. விலைவாசியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள், புகார் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலிக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கியபோது யாரோ பழக்கதோஷத்தில், "விலைவாசி இறங்கிடுச்சு" என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரே ஓடிவந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கீழே உட்கார்ந்து செய்த முதல் வேலை, அந்தத் தாய்க்கு போன் போட்டதுதான். பின்னணியில் கார்கள் உறுமுகிற சத்தமும், யாரையோ "சீக்கிரம் வா, சீக்கிரம் வா" என்று பசங்கள் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. அதைக் கேட்டபோது பதவி போனது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் அண்ணன் மட்டும் வரவில்லை. விஷயத்தைச் சொல்ல போன் போட்டால் எடுக்கவில்லை. யார் வாய்க்குள் கையை விட்டிருக்கிறாரோ என்று சமாதானம் செய்துகொண்டார். செய்தி அனுப்பினார். அதற்கும் பதில் இல்லை. சாயங்காலம் குளத்தங்கரையில் தனியாகத் தூண்டில் போட்டு உட்கார்ந்தார். மீன்கள் தாராளமாக மாட்டின. ஒன்றிலும் ருசியில்லை.

"அவர் மனசு ரொம்ப விட்டுப்போச்சு" என்றார் மனைவியிடம். "போன்ல சொன்னா நம்ப மாட்டார். நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுக் கையோட உக்கார வெச்சிட்டு வரேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார். பக்கத்து இருக்கைக்காரர் பயந்துபோய் ஜன்னலோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வழியெல்லாம் வாய்விட்டு ஒத்திகை பார்த்தார். 'அண்ணா, தப்பு என்னோடது. மீட்டர் கிடையாது. உன் இஷ்டத்துக்கு உக்காரு. நான் பக்கத்துல உக்காந்து பேசிட்டிருக்கேன், அது போதும்.' கடைசி வரியில் ஒவ்வொரு தடவையும் குரல் உடைந்தது.

அண்ணி கதவைத் திறந்தார். கையில் துண்டு, முகத்தில் ஆச்சரியம்.

"வாங்க தம்பி! என்ன திடீர்னு? மொகமெல்லாம் வாடிக் கெடக்கு?"

"அண்ணி, கட்டணத்தப் பழையபடி மாத்திட்டேன். என் உத்தியோகம் போனாலும் பரவால்ல. என்னால அண்ணன் விளையாடறதையே விட்டுட்டாரே, அதத்தான் தாங்க முடியல."

அண்ணி உள்ளறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் சொன்னார்: "விட்டுட்டாரா? நாங்கதான் வருஷத்துக்கே மொத்தமா கட்டிட்டோமே தம்பி, எங்களுக்குக் கட்டணம் மாறவே இல்லையே! அவரு தெனம் அதே குளத்துலதான் உக்காந்திருக்காரு, பேர மட்டும் மாத்திக்கிட்டாரு. யாரோ ஒருத்தன் கூடவே உக்காந்து ஆபீஸ் கதையாப் பேசிக் கொல்றானாம்!"