கல்சுவர் தாண்டிய பொறுமை

பாலிகீலா, லிமரிக் வட்டாரம்
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை நோரீனே, அருமை மைத்துனர் டெக்லன் அவர்களே, டப்ளின் நகரத்து உணவு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் மருமக்களே! கரண்டிகளைக் கீழே வையுங்கள். இந்த மடலை நோரீன் உரக்கப் படிக்கட்டும். தொண்டை கட்டினால் டெக்லன் தொடரட்டும். நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். நலம் என்ற சொல்லை எழுதக் கை கூசுகிறது. ஓடப் பிறந்த ஓர் உயிரை நிற்க வைத்தோம். அது நிற்கவில்லை என்பதற்காக அதன்மேல் பழி சுமத்தி, ஊரை விட்டே துரத்தத் துணிந்துவிட்டோம். இதுவே என் முறையீடு.

நீ வாங்கிய செம்பழுப்புக் குதிரைக்குப் பொறுமை என்று பெயர் வைத்தாயே, அதை நினைத்துப் பார். பெயர் வைத்த மறுநாளே அது தன் தண்ணீர்த் தொட்டியை உதைத்து உடைத்தது. முதல் தடைதாண்டும் பந்தயத்தில் மற்றக் குதிரைகள் வேலியைக் கண்ணால் அளந்து, முறையாகத் தாண்டின. நம் குதிரையோ வேலி என்று ஒன்று இருப்பதையே ஏற்கவில்லை. அதன் மேற்பாதியைப் பிய்த்து மார்பில் சுமந்துகொண்டு அப்பால் இறங்கியது. மூக்கு தரையில் உரச, முழங்கால் மடிய, விழுந்தது என்று எல்லோரும் கண்ணை மூட, திறந்து பார்த்தபோது முதலாவதாக வந்துகொண்டிருந்தது! கால்வேயில் வென்றது, லிஸ்டோவெலில் வென்றது, வென்ற இடமெல்லாம் வேலி கட்டுகிறவர்களுக்கு வேலை வைத்தது. அதை ஓட்டிய லோர்க்கன் ஒருமுறை வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு என்னிடம் சொன்னான்:

“நான் எங்கண்ணே ஓட்டுறேன்? அதுவே தூக்கிட்டுப் போகுது. சிலுவை போட்டுக்கலாம்னு நெத்தியில கை வெச்சேன், தோளுக்கு வர்றதுக்குள்ள அந்தப் பக்கம் இறங்கிடுச்சு. பாதிச் சிலுவைக்கே இவ்ளோ அருள்னா பாத்துக்குங்க!”

“பயமா இல்லையாடா?”

“பயப்பட அது நேரம் குடுத்தாத்தானே?”

சிரித்தோம். ஒவ்வொரு வெற்றிக்கும் கறுப்பு பீரும் பச்சை முட்டையும் தீவனத்தில் கலந்து வாளி வாளியாக ஊட்டினோம். அது வேலியை உடைக்க உடைக்க நாம் தொண்டை கிழியக் கத்தினோம். அந்த முரட்டுத்தனம் அதன் குருதியில் மட்டுமா இருந்தது? நம் கைதட்டலில் இருந்தது! கிறிஸ்துமஸ் பந்தயத்தின் கடைசி வேலியில் சேணம் புரண்டது. லோர்க்கன் அதன் கழுத்தில் கழுத்துத்துணி போலத் தொங்கியபடியே வெற்றிக் கம்பத்தைக் கடந்து, தோள் எலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போனான். வென்ற அன்று நீ தொலைபேசியில் அழுதாய்.

“போதும்ணா. அந்தப் பையன் செத்துப் போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்? உன் வயல்ல விட்டுடு. புல்லு தின்னுக்கிட்டுக் கிடக்கட்டும்.”

நீ சொன்னதில் பிழை காண என்னால் இயலவில்லை. ஆயினும் அன்பினால் பூட்டினாலும் பூட்டு பூட்டுத்தானே, தங்கையே!

என் வயலில் அது புல் தின்றது என்பதைவிட, புல்லுக்குத் துணையாக நின்றது என்பதே பொருந்தும். விலா எலும்பு தெரிய மெலிந்தது. பந்தயக் குதிரைகளை ஏற்றிய வண்டி சாலையில் போனால், அது கண்ணுக்கு மறையும்வரை தலை திருப்பிப் பார்த்தது. ஒருநாள் திருமதி ஹானஃபின் கொடியில் காயப்போட்ட படுக்கை விரிப்பைத் தாண்டப் போய், அதையே போர்த்திக்கொண்டு அவர் கோழிக்கூட்டின்மேல் இறங்கியது. இன்னொரு நாள் கல்லறைத் தோட்டத்துச் சுவரைத் தாண்டி, அடக்கச் செபத்தின் நடுவே, வெட்டி வைத்த குழியையும் தாண்டியது. இறந்தவர் பந்தயப் பித்தர் என்பதால் அவர் குடும்பம் கைதட்டியது. பங்குத்தந்தை முல்குயின் தட்டவில்லை.

கடந்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் கெட்டது. என் வயலுக்கும் ஊர் ஹர்லிங் மட்டைப்பந்துத் திடலுக்கும் நடுவே ஒரு கல்சுவர்தான் என்பதை நீ அறிவாய். இறுதி ஆட்டம், இறுதி நொடி. நம் ஊர்ப் பையன் மட்டையால் அடித்த பந்து வலைக்குள் புகுந்தது. கம்பத்தருகே வெள்ளை அங்கியோடு நின்ற துணை நடுவர் குனிந்து, கோலுக்குரிய பச்சைக் கொடியை எடுத்து, வழக்கம்போல் உயர்த்தினார். குதிரைப் பந்தயமும் ஒருவர் உயர்த்திய கொடியை இறக்கும்போதுதான் தொடங்கும் என்பதை அந்த நேரத்தில் எவர் நினைத்தோம்? நினைவில் வைத்திருந்தது ஒரே ஓர் உயிர்! கொடி இறங்கி அசையும்வரைகூடப் பொறுக்காமல் சுவரின் மேல்வரிசைக் கற்களைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது, வலையைக் கிழித்தது, திடலைத் தன்னந்தனியாகச் சுற்றி வந்து, பரிசு வாங்குவதற்காக நட்ட நடுவில் நின்றது. துணை நடுவர் கொடியும் கையுமாக மதுக்கடைக்குள் ஓடிவிட்டார்.

“கொடி அசைஞ்சாத்தான் கோலு. இங்க கொடியே ஓடிப்போச்சு. கோல் கிடையாது,” என்றார் ஆட்ட நடுவர். வரும் ஞாயிறு மறு ஆட்டம்.

அன்று மாலையே பங்குத்தந்தை, விளையாட்டுக் கழகத்தின் தலைவரும் அவரே, என் கதவைத் தட்டினார்.

“ஃபீலிம், உன் மேடைப் பேச்சையெல்லாம் மடிச்சு உள்ள வை. ஞாயித்துக்கிழமை அந்தக் குதிரை இந்தப் பங்குக்குள்ள இருக்கக் கூடாது.”

“எங்க ஃபாதர் அனுப்புறது?”

“லாரிக்காரன் ஒருத்தன் இருக்கான். ஏத்திட்டுப் போயிடுவான். அப்புறம் என்ன பண்ணுவான்னு நானும் கேக்கல, நீயும் கேக்காதே.”

வாழ்நாளெல்லாம் மேடையில் முழங்கிய நான் சன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே பார்த்தேன். பொறுமை சுவரோரம் நின்று, ஆளில்லாத திடலைப் பார்த்துக்கொண்டிருந்தது; கொடி மீண்டும் எழும் என்று காத்திருந்தது. பெயருக்கேற்ற குணத்தை அன்றுதான் அதனிடம் கண்டேன். காணாமலே இருந்திருக்கலாம்.

ஆகவே சனிக்கிழமைக்குள் வண்டி அனுப்பு. உயர்ந்த சுவர் சூழ்ந்த ஒரு புல்வெளியைத் தேடிப் பிடி. இனி அது தாண்டவே வேண்டாம். உயிரோடு இருந்தால் போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

டெக்லனின் இடுப்பு வலி தணியட்டும். மருமக்கள் ஓங்கி வளரட்டும். புனித பிரிகித் அன்னை உங்கள் கூரையை மழையிலிருந்தும், குதிரை வந்து சேர்ந்த பின் குதிரையிடமிருந்தும் காக்கட்டும்.

வருத்தம் தோய்ந்த உன் அண்ணன்,
ஃபீலிம் டூமி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே! உறையை ஒட்டுமுன் லோர்க்கன் குதிரையிடம் விடைபெற வந்தான். தோள் என்றோ ஆறிவிட்டது. லாரிக்காரனின் முகவரியோடு பங்குத்தந்தையும் வந்து நின்றார். லோர்க்கன் சும்மா கைக்குட்டையை உயர்த்தி இறக்கினான். அவ்வளவுதான்! பொறுமை வாய்க்காலைத் தாண்டி, படலைப் பெயர்த்து, வயலைச் சுற்றி வந்து, இத்தனை மாதம் தீண்டாத வாளியை வழித்துத் தின்றது. பங்குத்தந்தை காலி வாளியை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“ஏம்ப்பா லோர்க்கன், ஞாயித்துக்கிழமை எங்கயாவது பந்தயம் இருக்கா?”

“லிஸ்டோவெல்ல இருக்கு ஃபாதர்.”

“லிஸ்டோவெல் நம்ம பங்கு இல்லையே! அன்னிக்குக் குதிரை ஊர்ல இருக்காதே!” என்றவர் முகவரியைக் கிழித்துப் போட்டார். “நீ ஓட்டுவியா?”

“இந்தத் தடவை வண்டியில ஏறும்போதே முழுச் சிலுவையும் போட்டு முடிச்சிடுறேன் ஃபாதர்.” பிறகு என் பக்கம் திரும்பினான். “நோரீன் அக்காகிட்ட சொல்லுங்கண்ணே. ஓட்டுனப்ப நான் சாகல. ஓட்டாம இருந்தேனே, அப்பத்தான் செத்துக் கிடந்தேன்.”

பொறுமையைப் பந்தயத்துக்குப் பழக்கிய பயிற்சியாளரும் தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். உன் சொல் ஒன்றே பாக்கி. வண்டி வேண்டாம்! புல்வெளி வேண்டாம்! உன் வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிக்குள் அடைத்து மாட்டியிருக்கிறாயே, ஓட்டுபவன் அணியும் அந்தப் பச்சைப் பட்டுச் சட்டை, கரண்டியை மீண்டும் தொடுமுன் எழுந்து போ, அதை இறக்கு, இன்றே லோர்க்கனுக்கு அனுப்பு!