சுருட்டையின் பேட்டி

நிறுவனத்தின் முகப்புப் பக்கத்தில் சுருட்டை பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தையும் பேட்டியையும் அங்கே ஏற்றியவர் ஸ்கேலுதான். அதைப் பார்த்து வயிறெரிந்தவரும் அவர்தான்.

இணையதளம் செய்துதரும் அந்த அலுவலகத்தில், திரையிலேயே ஸ்கேல் வைத்து அளப்பதால் வந்த பட்டப்பெயர் அது. எட்டு வருஷமாக நாயாய் உழைக்கிறார். இன்று ஐந்து மணிக்குக் குழுத்தலைவர் யார் என்று முதலாளி சொல்லப்போகிறார். நேற்று வந்த சுருட்டைமுடிப் பெண்ணின் பேட்டியை இன்றைக்கா போடச் சொல்வது? அவளோ ஜம்மென்று லீவில் இருக்கிறாள்.

"முழுசாப் படிச்சீங்களா சார்?" என்றாள் வரவேற்பறைப் பெண்.

"அவ தற்பெருமையை நான் வேற படிக்கணுமாக்கும்!"

பேட்டியை யார் கண்ணுக்கும் தெரியாதபடி மறைத்தார். பேட்டி மறைந்தது, இடம் மறையவில்லை.

"என்னய்யா, முகப்புல பொட்டல்காடாக் கிடக்கு?" என்று அறையிலிருந்து கத்தினார் முதலாளி.

"இதோ சார், ஒரே நிமிஷம்!"

இடத்தையும் சேர்த்து எடுத்தார். அவருடைய பிரவுசரில் எல்லாம் கச்சிதம். பக்கத்து மேசைக்காரரின் பிரவுசரில் மெனு சரிந்து, முதலாளி படத்தின் மூக்குக்குக் கீழே போய் உட்கார்ந்தது.

"ஸ்கேலு, சாருக்கு மீசை முளைச்சிருச்சுய்யா!"

பதறிப்போய்ப் புரோகிராமில் இன்னொரு வரி எழுதினார். முதலாளியின் அரதப்பழசான பிரவுசருக்கு அது விளங்கவில்லை. எழுத்தெல்லாம் காணாமல் போய், திரை முழுக்கச் சுருட்டையின் முகம் மட்டும் விரிந்தது.

"யோவ், இந்தப் புள்ளை பல்லை எண்ணிடலாம் போலிருக்கே!"

அங்கேயும் இவள்தானா? ஸ்கேலுக்குப் பொறுக்கவில்லை. படத்தையும் பேட்டியையும் அடியோடு அழித்தார். இனி எந்தப் பிரவுசரிலும் சுருட்டை இல்லை. ஆசையாக ஒரு காபி குடித்தார்.

ஐந்து மணிக்கு முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார்.

"இந்தப் பொறுப்பு வேணுமான்னு சுருட்டையைக் கேட்டேன். 'பதிலைப் பேட்டியிலயே சொல்லியிருக்கேன், எல்லாரும் படிக்கட்டும்'னுச்சு. காலையிலேர்ந்து தேடுறேன், ஒரு எழுத்தையும் காணோம். வேண்டாம்னு சொல்லலை இல்ல? அப்ப சுருட்டைதான் தலைவர்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்கேலும் தட்டித் தொலைத்தார்.

வரவேற்பறைப் பெண் அவர் காதருகே குனிந்தாள். "என்ன சார் பண்ணித் தொலைச்சீங்க? அந்தப் பேட்டியை டைப் அடிச்சவளே நான்தான். கடைசி வரியே, 'எனக்கு வேண்டாம், ஸ்கேலு சாருக்குக் குடுங்க'ன்னுதான் சார் இருந்துச்சு!"