வெளிப்பக்கம் எட்டு, உள்பக்கம் நாலு

கப்பல் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

எனக்கு வயது பத்தொன்பது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் என்னைக் கைவிட்டது. அதை நான் முன்பே கைவிட்டிருந்தேன். கல்யாணமாகி ஆறு மாசம். பரங்கிப்பேட்டை வழக்கப்படி பெண் வீட்டில் இருக்கிறேன். பினாங்கில் கடை வைத்திருக்கும் மாமனார் ஊருக்கு வந்திருந்தார். திரும்பும்போது மூட்டையோடு மூட்டையாக என்னையும் ஏற்றிப் போவதாகத் திட்டம். வெள்ளாற்றில் தோணி ஏறினாலே எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். பினாங்குக்கு எத்தனை நாள் கடல் என்று கேட்கக்கூடப் பயம்.

ஆகவே கல்யாண வாட்ச்சைத் திருப்பாதிரிப்புலியூரில் கொடுத்துவிட்டு ஒரு பழைய பெட்டிக் காமிரா வாங்கி வந்தேன். யோசனை இதுதான். எங்கள் ஊரில் வீட்டை விற்பவரும் பினாங்கில் இருப்பார், வாங்குபவரும் பினாங்கில் இருப்பார். வீடு மட்டும் இங்கே இருக்கும். போட்டோ எடுத்து அனுப்பினால் கூலி தரமாட்டார்களா?

"வாட்ச்ச வித்துட்டு டப்பா வாங்கினியா?" என்றார் மாமா.

"டப்பா இல்ல மாமா. தொழில்."

"சரி. ஒரு வீடு எடுத்துக் காட்டு. உருப்படியா வரலேன்னா நோம்புப் பெருநா கழிஞ்சதும் கப்பல்."

சில வாரம் கழித்து அந்த ஒரு வீடும் தானாக வந்தது. பினாங்கிலிருந்து நூர்முகம்மது மரைக்காயர் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். வீட்டை விற்கிறாராம். முகப்பு, கூடம், முற்றம், அடுப்பங்கரை, கிணற்றடி எல்லாம் படமாக வேண்டுமாம்.

காமிராவை மாட்டிக்கொண்டு போனேன். அங்கே குடியிருந்த ஆசியா உம்மாள் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"யாரு?"

"போட்டோ எடுக்க வந்தேங்க."

"எங்க?"

"அடுப்பங்கரைல."

திரை இன்னும் இறுக்கி இழுத்து மூடப்பட்டது.

"ஏன் தம்பி, உள்ள பொம்பளைங்க அஞ்சு பேரு இருக்கோம். நீ அடுப்பங்கரைல வந்து நிப்பியா? நீ இந்த ஊருதானா?"

இந்த ஊர்தான். பிறந்ததும் இங்கேதான். காமிரா கையில் வந்ததும் அது மறந்துபோச்சு.

வீட்டில் என் மனைவி ஷரீபா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உள்ள விடமாட்டாங்களாமா மச்சான்? அடடா."

கேள்விக்கு நான் பதில் சொல்வதற்குள் அடடா வந்துவிட்டது. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"நான் வேணா போகட்டுமா?"

"உனக்கு என்ன தெரியும்?"

"காமிராவோட ஒரு சின்ன புஸ்தகம் இருந்திச்சே, படிச்சீங்களா?"

"அது இங்கிலீஷ்."

"படமும் போட்டிருக்கு."

ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம். வெளிப்பக்கம் எட்டு எனக்கு, உள்பக்கம் நாலு அவளுக்கு.

"நாலுல ஒண்ணு போனாலும் நான் கப்பல்ல போவேன்" என்றேன்.

"எட்டுல போனா?"

"போவாது."

போனது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டூடியோக்காரர் ராஜமாணிக்கம் படங்களை வரிசையாக வைத்தார். என் எட்டில் இரண்டு ஆடு. ஒன்று என் கட்டைவிரல். ஒன்றில் சுருளைத் திருப்ப மறந்து, வீட்டின் மேல் வீடு ஏறியிருந்தது. மீதி நாலிலும் வீடு, வாங்குபவர் வருமுன் விழுந்துவிடும் போலச் சாய்ந்து நின்றது.

"தம்பி, சாஞ்சது வீடா நீங்களா?" என்றார் அவர்.

ஷரீபா கொடித்துணிகளை எடுக்கச் சொல்லி, அண்டாக்களைப் புளி போட்டு விளக்கச் சொல்லி, காமிராவை அரிசிப் பீப்பாய் மேல் வைத்து ஆடாமல் எடுத்திருந்தாள். அந்த அடுப்பங்கரையைப் பார்த்ததும் எனக்கே வீட்டை வாங்கலாம் போலிருந்தது.

அவளுடைய நாலையும், என்னுடையதில் சாய்வு குறைந்த ஒன்றை ஓரம் வெட்டி அதையும் அனுப்பினோம். ஒரு மாசத்தில் மரைக்காயரிடமிருந்து பதில் வந்தது. வீடு விற்றுப்போச்சு. மாமா படித்துவிட்டுக் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"நீ இங்கயே இரு."

அன்று மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு சாவகாசமாகக் கடிதத்தைப் பிரித்தேன்.

'மகள் ஷரீபாவுக்கு. நீ எழுதிக் கேட்டபடியே அடுப்பங்கரையும் கிணற்றடியும் வேண்டுமென்று உன் மாப்பிள்ளைக்கு எழுதினேன். படங்கள் அருமை.'

"நீயா கேக்கச் சொன்ன?"

"முகப்பு மட்டும்னா தனியாத்தானே போயிருப்பீங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"வாட்ச்ச விக்கும்போது நீங்க கேட்டீங்களா? அது எங்க வாப்பா போட்டது. நான் போகலேன்னா பெருநா கழிஞ்சு நடுக்கடல்ல இருப்பீங்க மச்சான்."

கோபப்படலாம் என்று பார்த்தேன். கடல் ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்த வேலை சிதம்பரத்தில். ராஜமாணிக்கத்தின் ஸ்டூடியோவில் எங்கள் படங்களைப் பார்த்த தில்லையம்மாள் என்ற அம்மா மாடியை வாடகைக்கு விடப்போகிறார். அங்கே நான் கிணற்றடி வரைக்கும் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். பன்னிரண்டும் எனக்கே என்று சட்டைக்கு இஸ்திரி போட்டேன். அப்புறம்தான் அந்த அம்மா எழுதிய கடிதத்தின் கடைசி வரியைப் படித்தேன். 'பினாங்கு வீட்டுக்காரருக்கு உள்ளே எடுத்தவரே இங்கு வெளியேயும் எடுக்கட்டும்.'

சிதம்பரம் கீழவீதியில் காமிரா ஷரீபாவின் கையில் இருந்தது. அதில் வெயில் விழாமலிருக்கக் குடை என் கையில்.

"மச்சான், குடை சாஞ்சிருக்கு" என்றாள்.