அம்பு ஒட்டின தோரணம்

ஆம்பூரில் ரிஜெக்ட் அண்ணன் கண்ணுக்குத் தப்பிய பொருள் என்று ஒன்று இதுவரை உற்பத்தியாகவில்லை. ஆண்டவர் படைத்தவற்றிலேயே அவர் பாஸ் போட்டது ரொம்பக் கம்மி.

ஷூ கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் ஷூவை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு நூல் பிசகியிருந்தால் போதும், அந்த இடத்தைக் காட்டி ஒரு குட்டிச் சிவப்பு பிளாஸ்டிக் அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். அம்பு ஒட்டிய ஷூ பெட்டிக்குள் போகாது. அது கம்பெனி வழக்கம், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஸ்டிக்கர் தாள் சட்டைப் பையிலேயே அவரோடு வீட்டுக்கும் வந்ததுதான் எங்கள் தெருவுக்குப் பிடித்த சனி.

மனைவி சுட்ட தோசை ஒரு பக்கம் தீய்ந்திருந்தால் தட்டு விளிம்பில் அம்பு. சர்ச்சில் பாட்டு நம்பர் எழுதும் பலகை சாய்ந்திருந்தால் பலகையில் அம்பு. அவர் கல்யாண ஆல்பத்தை நானே பார்த்திருக்கிறேன். முதல் போட்டோவில் மாப்பிள்ளை காலர் கோணலாக இருக்கிறது, அங்கேயும் ஒரு அம்பு. தன்னையே ரிஜெக்ட் செய்த மனுஷன் ஊரை விடுவாரா? அவருடைய சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவில் இருக்கலாம். எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

நான் அப்போது அதே கம்பெனியில் தையல் லைனில் இருந்தேன். சர்ச் வாலிபர் சங்கத்துக்குப் புதிதாகச் செக்ரட்டரியும் ஆகியிருந்தேன். பதவி வந்து இரண்டு மாதம், வாய் மட்டும் இருபது வருஷ சர்வீஸ் போட்டமாதிரி பேசும். சர்ச் கமிட்டி கூட்டத்தில், ஈஸ்டர் அலங்காரத்துக்குப் பலூன் வளைவு வைக்கலாம் என்றார் கமிட்டி ஐயா. அவருடைய மச்சான் வாணியம்பாடியில் பலூன் அலங்காரம் செய்பவர் என்பது தற்செயல்.

நான் எழுந்தேன். "பலூன் வேணாங்கய்யா. ஒரு துண்டு பிளாஸ்டிக் இல்லாம இலை, பூ, குருத்தோலை, முட்டை ஓடு இதுலயே நாங்க செஞ்சிடுறோம்."

"நல்லா இல்லன்னா?"

"செக்ரட்டரி போஸ்ட்டே எனக்கு வேணாம்."

ஐயா சிரித்தபடி நோட்டில் குறித்துக்கொண்டார். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வியர்த்தது. அந்தப் பதவி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

முட்டை ஓட்டுக்குப் பரோட்டா கடை பாயிடம் போனேன். முட்டையை உடைக்காமல், மேலே சின்னத் துளை மட்டும் போட்டு ஊற்றிக்கொண்டு ஓட்டை முழுசாகக் கொடுக்கும்படி கேட்டேன்.

"இன்னாமா பேஜாரு! இப்டி ஊத்துனா ஒரு ஆம்லெட்டுக்கு அஞ்சு நிமிஷம் ஆவும். அதுக்குள்ள கஸ்டமர் வாணியம்பாடி போய்ச் சாப்ட்டு வந்துடுவான்" என்றார். ஆனாலும் ஒரு வாரம் அப்படியே ஊற்றி, நூற்றியொரு ஓடு சேர்த்துக் கொடுத்தார். வெங்காயச் சருகிலும் பீட்ரூட்டிலும் மஞ்சளிலும் கொதிக்கவைத்துச் சாயம் ஏற்றினோம். தையல் லைன் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து மாவிலை பறித்தோம், புங்கம்பூ உதிர்த்தோம், குருத்தோலையில் கிளி முடைந்தோம்.

சனிக்கிழமை காலை சர்ச் வளாகத்து வேப்பமரத்தடியில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தபோது ரிஜெக்ட் அண்ணன் வந்தார். கூப்பிடாமலே வந்தார். பெஞ்சை இழுத்துப் போட்டு, பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தார்.

"ஒன்னொன்னா அனுப்புங்க."

நாங்களும் அனுப்பினோம். கம்பெனியில் பழகிய கை, அந்தக் குரலைக் கேட்டால் தானாக நீளும்.

முதல் மாவிலை. வெயிலில் தூக்கிப் பார்த்தார். "பூச்சி கடிச்சிருக்கு." அம்பு. இரண்டாவது. "நரம்பு ஜாஸ்தி." அம்பு. மூன்றாவதைக் கொஞ்சம் தயங்கிப் பார்த்தார். "இது இடது. இதுக்கு வலது எங்க?"

இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள்தான். ஆறு பேரும் பரபரவென்று உட்கார்ந்து மாவிலைகளை இடது, வலது என்று பிரித்து ஜோடி சேர்க்க ஆரம்பித்தோம். அரை மணி நேரம் பிரித்தோம். அப்புறம்தான் மாவிலைக்கு இடது வலது கிடையாது என்பது எங்களில் ஒருத்திக்கு உறைத்தது.

முட்டைக்கு வந்தார். இரண்டு இரண்டாக வைத்து ஷேடு பொருத்தினார். நூற்றியோராவது முட்டைக்கு ஜோடி இல்லை என்பதால் அது பிறவியிலேயே ரிஜெக்ட். மற்றவற்றை ஈரக் கைக்குட்டையால் பத்து முறை எண்ணித் தேய்த்தார். கைக்குட்டை மஞ்சளாச்சு.

"கலர் இறங்குது. மழை பேஞ்சா இன்னா பண்ணுவ?"

"இந்த வெயிலுக்கு ஆம்பூர்ல மழையாண்ணா?"

"பேஞ்சா?"

என் கிளியை எடுத்தார். நாள் பூரா உட்கார்ந்து நான் முடைந்த கிளி. கழுத்தை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி, பத்தாவது மடக்கில் ஓலை கிழிந்தது.

"கழுத்து தாங்கலியேமா."

"அது ஷூ இல்லண்ணா! கிளி நடக்கப் போறதில்ல!" என்று கத்திவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார், கிழிந்த இடத்தில் பதமாக ஓர் அம்பு ஒட்டினார்.

நாலு மணிக்குப் பாஸ் ஆனவை பதினாலு மாவிலை, ஆறு முட்டை. ஒரு பாத்ரூம் கதவுக்குக்கூடப் போதாது. ஐந்து மணிக்கு அவர் மனைவி வந்து, பண்டிகைச் சாமான் வாங்கக் கையோடு இழுத்துக்கொண்டு போனார். அந்த அக்கா நன்றாயிருக்கட்டும். அவர் தலை மறைந்ததும், ரிஜெக்ட் குவியலை அப்படியே அள்ளி சர்ச் வாசல் மூங்கில் வளைவில் கட்டினோம். ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தோம். இலையில் தோல் கிழிந்தது, முட்டையில் சாயம் கையோடு வந்தது. விட்டுவிட்டோம். இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்?

விடியற்கால ஆராதனைக்கு உள்ளே போகும்போது யாரும் பார்க்கவில்லை. "ஜோரா இருக்கே" என்று நாலு பேர் சொன்னார்கள். நானும் நிம்மதியாகப் பாடினேன். நான் மறந்தது ஒன்றுதான். ஆராதனை முடியும்போது சூரியன் வந்துவிடும்.

வெளியே வந்தால் வளைவு முழுக்கச் சிவப்பாக மின்னியது. முந்நூறு அம்பாவது இருக்கும். எங்கள் சபையில் பாதிப் பேர் ஷூ கம்பெனி. அம்பைக் கண்டால் அது காட்டும் இடத்தைப் பார்க்காமல் அவர்களால் நகர முடியாது. ஈஸ்டர் வாழ்த்தை மறந்து, கழுத்தை வளைத்து, வளைவின் கீழே கூட்டமாக நின்றுவிட்டார்கள்.

"இந்த எலை நல்லாதானே இருக்கு?"

"பின்னாடி திருப்பிப் பாருக்கா, புள்ளி கீது."

"அட, ஆமா!"

இவ்வளவு சந்தோஷமாக ஓர் அலங்காரத்தை ஜனங்கள் பார்த்து நான் கண்டதில்லை. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கமிட்டி ஐயா வந்தார். ஓர் அம்பை நகத்தால் சுரண்டி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஒரு துண்டு பிளாஸ்டிக் இல்லன்னியே. இது இன்னாமா?"

போஸ்ட் போய்விட்டது என்றே நினைத்தேன். பின்னாலிருந்து ரிஜெக்ட் அண்ணன் குரல் வந்தது.

"அது டெகரேஷன் இல்லீங்கய்யா. அது என்னோட கருத்து."

கூட்டம் சிரித்தது. ஐயா விடவில்லை. "அப்ப நீயே சொல்லு. முழுக்க உன் அம்புதான். இந்த வளைவு ரிஜெக்ட்தானே?"

அண்ணன் கிட்டே வந்தார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். என் கிளியிடம் கொஞ்ச நேரம் நின்றார். தன் ரிஜெக்டை ஒருத்தி திருட்டுத்தனமாகப் பெட்டிக்குள் அனுப்பிவிட்டாள். இருபது வருஷ செக்கிங்கில் அவருக்கு நடக்காத அவமானம். பொய் சொல்கிற ஆளும் இல்லை.

"ரிஜெக்ட் இல்லீங்கய்யா. ரீவொர்க்."

ஐயாவுக்குப் புரியவில்லை. சபையில் பாதிப் பேருக்குப் புரிந்துவிட்டது, கைதட்டிவிட்டார்கள். ரீவொர்க் என்றால் தூக்கிப் போடக் கூடாது. யார் செய்தார்களோ அவர்கள் கைக்கே திரும்பிப் போகணும், சரிசெய்து மறுபடி வரணும். ஐயாவின் பக்கம் திரும்பி அண்ணனே விளக்கினார்: "அடுத்த வருஷமும் இந்தப் பொண்ணுதான் செய்யணும். வேற ஆளு கை வெச்சா செல்லாது."

அடுத்த வருஷமும் நான்தான் செய்தேன். அவர் மூன்று நாள் முன்னாடியே பெஞ்ச் போட்டுவிட்டார் என்பது வேறு கதை.

இப்போது கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறேன். போன ஈஸ்டருக்கும் முட்டை ஓட்டில் சாயம் ஏற்றி, குருத்தோலைக் கிளி முடைந்து, மாவிலை கோர்த்து வாசலில் கட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் "சூப்பர்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி உள்ளே போனார்கள். நான் மட்டும் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு இலைகூட விடாமல் என் கைவேலையைப் பார்த்தவர் உலகத்தில் ஒருத்தர்தான். ஒரு அம்புகூட இல்லாத அந்தத் தோரணத்தை யாருமே பார்க்காதமாதிரி இருந்தது.

அண்ணே, ஒரு நடை வந்துட்டுப் போங்களேன். கிளி கழுத்து இன்னும் கொஞ்சம் வீக்காதான் இருக்கு.