கைதட்டலுக்கு ஒரு கடலை

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துல குட்டிப் பிள்ளைங்க வகுப்பை ஒரு மணி நேரம் பார்த்துக்கணும். அவ்வளவுதான் வேலை.

வகுப்பு என் மனைவி மாலதியோடது. அவளுக்குக் காய்ச்சல். நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். நாலு வயசுப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறது என்ன பெரிய விஷயமான்னு கேட்டேன். அவ போர்வையைத் தலைக்கு மேல இழுத்துக்கிட்டா.

பாடம் இதுதான். ஒரு படத்தைக் காட்டணும். பிள்ளைங்க அதோட பேரைப் பிரிச்சுச் சொல்லிக் கைதட்டணும். யா-னைன்னா ரெண்டு தட்டு. கு-ரு-வின்னா மூணு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மரக்கட்டையைக் கிண்ணத்துல போடணும்.

மரக்கட்டைப் பெட்டி கனமா இருந்துச்சு. அதுக்குப் பதிலா அடுப்படியில இருந்து கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு டப்பா எடுத்துக்கிட்டேன். என் புத்திசாலித்தனம் எனக்கே பிடிச்சிருந்தது.

பள்ளிக்கூடம் நடக்கிற நார்த்மீட் ஹால்ல பிள்ளைங்க பாயில உட்கார்ந்திருந்தாங்க. கூட உதவிக்கு ரஜனி அன்ரி, யாழ்ப்பாணத்துக்காரங்க. டப்பாவைப் பார்த்ததும், இது சின்னப் பிள்ளையளுக்குச் சரிவராதேன்னு இழுத்தாங்க. நான் பார்த்துக்கறேன் அன்ரின்னேன்.

முதல்ல நல்லாத்தான் போச்சு. நாற்காலிப் படம் வந்தப்பதான் சின்னத் தகராறு. நான் நாற்-கா-லின்னேன். யாழினின்னு ஒரு வாண்டு, இல்ல, அது கதிரைன்னா. யாழ்ப்பாணத்துல அப்படித்தான் சொல்வாங்களாம். க-தி-ரை. எண்ணிப் பார்த்தா ரெண்டுக்கும் மூணு கடலைதான். சமாதானம் ஆச்சு. பக்கத்துல இருந்த ரோஹன் மட்டும் "சேர்"னு ஒரே தட்டுல வேலையை முடிச்சுட்டு, மிச்சக் கடலையை முகத்துக்குக் கிட்ட வச்சு உருட்டிக்கிட்டு இருந்தான்.

எனக்குப் பொறுப்பு வந்துடுச்சு. கடலையை யாரும் மூக்குல போட்டுக்கக் கூடாதுன்னு சத்தமா சொன்னேன்.

அதுவரைக்கும் அந்த யோசனை யாருக்கும் இல்லை.

ஏன் போடக் கூடாதுன்னு யாழினி கேட்டா. விளக்கினேன். எப்படிப் போடுவாங்கன்னு கேட்டா. செஞ்சு காட்டினா மனசுல பதியும்னு ஒரு கடலையை மூக்கு வாசல்ல வச்சு, "இப்படி"ன்னேன்.

அந்த நேரம் பார்த்து மூச்சை இழுத்துட்டேன்.

வகுப்பு ஆரம்பிச்சதுல இருந்து பிள்ளைங்க என்னை அவ்வளவு கூர்ந்து கவனிச்சது அப்பதான்.

சுவர்ப் பக்கம் திரும்பி நின்னு விரலை விட்டுப் பார்த்தேன். கடலை இன்னும் மேல போச்சு. ரஜனி அன்ரி கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தாங்க.

"தம்பி, நோண்டாதேங்கோ. இன்னும் உள்ளுக்குப் போயிடும்."

"சரி அன்ரி"ன்னேன். குரல் வேற யாரோடதோ மாதிரி இருந்துச்சு.

"கன வருஷமா இந்த வகுப்பில நிக்கிறன். பிள்ளையள் ஒண்டும் இப்பிடிச் செய்யேல்லை."

அப்புறம் பிள்ளைங்க பக்கம் திரும்பி, அங்கிள் ஆஸ்பத்திரிக்குப் போகோணும்னு சொன்னாங்க. ரோஹன் உடனே "ஆஸ்-பத்-தி-ரி"ன்னு தட்டி, நாலு கடலையைக் கிண்ணத்துல வச்சான். ஒரு தப்பும் இல்லை.

கடலை ஊறினா பெருசாகும்ங்கறது கார்ல போகும்போதுதான் உறைச்சுது. சுண்டலுக்கு ஊறப்போட்டது காலையில எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன்.

மெடிக்கல் சென்டர் வரவேற்புல இருந்த பொண்ணுகிட்ட, கடலை மூக்குல மாட்டிக்கிச்சுன்னு சொன்னேன். குழந்தை பேரு என்னன்னு கேட்டா. என் பேரைச் சொன்னேன். வயசு கேட்டா. முப்பத்தாறுன்னேன். அவ எழுந்து எனக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தா. அங்க யாரும் இல்லை.

டாக்டர் ஒரு பக்க மூக்கை அடைச்சுக்கிட்டு இன்னொரு பக்கமா பலமா ஊதச் சொன்னார். ஊதினேன். கடலை எதிர்ச் சுவர்ல பட்டுக் கீழே விழுந்துச்சு. அவர் அதைக் குனிஞ்சு பார்த்துட்டு, எப்படி உள்ளே போச்சுன்னு விசாரிச்சார். பிள்ளைங்களுக்குப் பாதுகாப்பு பத்திச் சொல்லிக் கொடுத்தேன்னேன். அதை அப்படியே டைப் பண்ணிக்கிட்டார்.

வீட்டுக்கு வந்து மாலதிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கஞ்சியைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாம கேட்டா.

"பிள்ளைங்க யாராவது போட்டுக்கிட்டாங்களா?"

"இல்ல. ஒருத்தர்கூடப் போட்டுக்கல."

"அப்ப பாடம் நல்லாத்தான் நடந்திருக்கு."