ஒரேயொரு சிவப்பு

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம். கீழே ரோட்டில் பதுளை பஸ் எந்த நேரமும் வந்துவிடும். தேவதாசன் சார் பையைக் கட்டி மேசைமேல் தயாராக வைத்துக்கொண்டு, "சரி, அட்டையைக் காட்டுங்க" என்றார்.

ஒன்பதாம் ஆண்டு வகுப்பு முழுக்கப் பச்சை அட்டைகள் எழுந்தன. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. சார் பையைத் தோளில் மாட்டப் போனார். அப்போதுதான் கடைசி வாங்குப் பலகையில் ஒரேயொரு சிவப்பு அட்டை மெதுவாக மேலே வந்தது.

"ரொஷான்!"

"சார்."

"என்னா வெளங்கல?"

ரொஷான் எழுந்து நின்று கரும்பலகையைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான்.

"வெளங்கின மாதிரிதான் இருக்கு சார். ஆனா வெளங்கல."

இந்த அட்டை வித்தையை இறக்குமதி செய்தவரே சார்தான். பதுளையில் நடந்த ஒரு பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்தார். விளங்கினால் பச்சை, அரைகுறை என்றால் மஞ்சள், விளங்கவில்லை என்றால் சிவப்பு. ஒரு சிவப்பு இருந்தாலும் அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது. 'பரீட்சை வருகிறவரை காத்திருக்காதீர்கள், அன்றன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று பயிற்சியில் சொன்னார்கள். சாருக்கு அது பிடித்துப்போய், பிள்ளைகள் முன்னால் வாக்கே கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸைப் பற்றிப் பயிற்சியில் யாரும் பேசவில்லை.

ரொஷானுக்குச் சமன்பாட்டை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போய்விட்டது.

மடுல்சீமைக்கு மேலே, தேயிலைக் கொழுந்து மலைகளுக்கு நடுவில் இருக்கும் தோட்டப் பாடசாலை அது. சாருடைய மனைவி ஜெயந்தினி பதுளையில் மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்தாள். நாலு வயதில் ஒரு மகள். "அப்பா எங்கே?" என்று யாராவது கேட்டால், "சனிக்கிழமை" என்று பதில் சொல்கிற பிள்ளை. அதை முதலில் கேட்டபோது சார் சிரித்தார். இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை. இந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் இடமாற்ற விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், அடுத்த வருடம் பதுளையிலேயே இருக்கலாம். அதற்குப் பாடசாலை அதிபர் நல்லையாவின் கையெழுத்து வேண்டும்.

அந்த வாரத் தொடக்கத்தில் சார் போய்க் கேட்டபோது, அதிபர் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. பாவம், அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. சாருக்கு முன்னால் வந்த கணக்கு டீச்சர் ஒரே தவணையில் கிளம்பிப் போனவர்தான். அதற்குப் பிறகு ரெண்டு வருடம், கணக்குப் பாடம் வந்தால் பிள்ளைகள் தோட்டத்தில் புல் பிடுங்கினார்கள்.

"வைக்கிறேன் சார், வைக்காம என்னா?" என்றார் அதிபர். "ஆனா ஒன்பதாம் ஆண்டுல கணக்கு வெளங்காத புள்ள ஒண்ணுகூட இருக்கப்படாது. என்னைக்கு எல்லாப் புள்ளைக்கும் வெளங்குதோ, அன்னைக்கே கையெழுத்து."

அதிபருக்குத் தொண்டை பெரிது. பாடசாலையோ ஒரே நீளக் கட்டடம். அறைக்கு அறை நடுவில் ஆளுயரப் பலகைத் தட்டிதான். ஆறாம் ஆண்டு வாய்ப்பாடு சொன்னால் பதினோராம் ஆண்டுக்குத் தலை வலிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, சார் அந்த நிபந்தனைக்குச் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பஸ்ஸைத் தவறவிட்டதால் சனிக்கிழமையும் அங்கேயே தங்கி, ரொஷானைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ரொஷான் கேட்டதற்கெல்லாம் கடகடவென்று விடை சொன்னான். இவ்வளவு சுறுசுறுப்பான பையனுக்கு வெள்ளிக்கிழமை என்ன வந்தது என்று சாருக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை ரொஷான் பச்சை காட்டினான். முன் வாங்கில் ஒரு பெண்பிள்ளை சிவப்பு காட்டினாள். அந்த வாரம் முழுக்க அவள்தான் சிவப்பு.

அந்த வாரத்தில் ஒரு சாயந்தரம் சார் சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று மனைவிக்கு போன் எடுத்தார்.

"ஒரு புள்ளைய நிமித்தி விட்டா இன்னொரு புள்ள சாயுது ஜெயந்தி."

"நீங்க வெளங்குற மாதிரி சொல்றீங்களாங்க?"

"உனக்குமா சந்தேகம்?"

"இல்ல, கேட்டேன். பாப்பா சனிக்கிழமை எப்ப வருதுன்னு கேக்குறா."

சார் பாறையைவிட்டு இறங்கி, அடுத்த வைத்தியத்தை யோசித்தார். விளங்கிய பிள்ளை விளங்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று சோடி சோடியாக உட்கார வைத்தார். வகுப்பு தேன்கூடு மாதிரி ரீங்காரம் போட்டது. எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். வாரக் கடைசியில் பார்த்தால் சிவப்பு அப்போதும் ஒன்றுதான், ஆனால் வேறு ஆள்.

குறை தன்மேல்தானோ என்று சாருக்குத் தோன்றியது. பயிற்சியில் அதற்கும் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். ஆசிரியரைப் பற்றிப் பிள்ளைகளையே கருத்துக் கேட்க வேண்டும். பெயர் போடாமல் எழுதச் சொல்லித் துண்டுக் கடதாசி கொடுத்தார். சேர்த்து எடுத்து வாசித்தபோது மனுசனுக்கு நெஞ்சு கனத்துப்போனது.

'சார் அவசரப்படாதீங்க.'

'மெதுவாப் படிப்பிங்க சார். ஒரு அவசரமும் இல்ல.'

'நல்லாப் படிப்பிக்கிறீங்க. ஆனா ரொம்ப ஸ்பீட்.'

எல்லாக் கடதாசியிலும் இதே பாட்டு. சார் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். பாடத்திட்டம் நொண்ட ஆரம்பித்தது. சிவப்பு மட்டும் வாரந்தோறும் ஒன்று, தவறாமல் வந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவே பிள்ளைகள் காலையில் பிந்தி வருகிற தொல்லை வேறு. கேட்டால், "இன்னைக்கு எங்க வீட்டு பைப்பு முறை சார்" என்பார்கள். மேல் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே தண்ணீர்க் குழாய். இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று முறை வைத்துப் பிடிப்பார்கள். யாராவது சுகமில்லாமல் படுத்தால், பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர் அவர்கள் முறைக்கும் சேர்த்து நின்று பிடித்துக் கொடுப்பார். ஒரு நாள் சண்டை வந்தது கிடையாது. 'தண்ணீருக்கு இருக்கிற இந்த ஒழுங்கு கணக்குக்கு இல்லையே' என்று சார் மனதுக்குள் சலித்துக்கொண்டார்.

அட்டையை நம்பிப் பயனில்லை என்று கடைசியில் எழுத்துப் பரீட்சை வைத்தார். திருத்த உட்கார்ந்தவர் திகைத்துவிட்டார். எல்லோருக்கும் தொண்ணூறுக்கு மேல். ஒரு பிள்ளைக்கு மட்டும் முட்டை. அதுவும் சும்மா முட்டை இல்லை. விடை ஐந்து என்றால் ஆறு என்று எழுதியிருந்தது. பத்து என்றால் பதினொன்று. ஒவ்வொரு கணக்கிலும் சரியான விடைக்கு மேலே ஒன்று கூடுதல்.

பிள்ளையின் தவறில் ஒரு ஒழுங்கு இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது என்று பயிற்சியில் சொன்னது சாருக்கு நினைவு வந்தது. ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், 'ஒன்று கூடுதலாக வரும் தவறு' என்பதற்கென்றே தனிப் பாடம் தயாரித்து ஒரு வாரம் நடத்தினார். பிள்ளைகள் அதை வாயைப் பிளந்து கவனித்தார்கள். அடுத்த பரீட்சையில் இன்னொரு பிள்ளை முட்டை வாங்கியது. இந்த முறை எல்லா விடையிலும் ஒன்று குறைவு.

சார் பேனாவை மூடி வைத்தார். அழுகை வரும்போல இருந்தது. வகுப்பில் யாரையும் அடிக்கத் தோன்றவில்லை, அதற்குத் தெம்பும் இல்லை.

தவணையின் கடைசி வாரம் வந்தது. கல்வி வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் துஷாந்தினி மேடம் வெள்ளிக்கிழமை வருகிறார் என்று அதிபர் சொன்னார்.

"மேடம் பாத்து எல்லாம் சரின்னு சொன்னா, அந்த எடத்துலயே கையெழுத்து வச்சிருவேன் சார். பேனாகூட ரெடி."

அந்த வாரச் சிவப்பு ரஜீவ். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தூக்கினான். வியாழக்கிழமை சார் மானத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் கெஞ்சினார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் எல்லாரும் பச்சை காட்டுங்கடா. வெளங்காத புள்ளைக்கு நான் பொறவு தனியா சொல்லித் தாறேன்."

"சரிங்க சார்" என்றது வகுப்பு. எல்லோருக்கும் முந்திச் சொன்னவள் கலாராணி. வகுப்பிலேயே கணக்கில் புலி அவள்தான். பாடசாலையில் மத்தியானச் சாப்பாடு சமைக்கிற இராக்கம்மாவின் மகள். அவள் சொன்னதும் சாருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனாலும் ரஜீவை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வரவு கூப்பிட்டபோது ரஜீவ் இல்லை.

"அவனுக்குக் காச்ச சார்" என்றாள் கலாராணி. "எங்க பக்கத்துக் காம்பராதான். ராத்திரி பூரா அனத்திக்கிட்டே கெடந்தான்."

"ஐயோ பாவம்" என்றார் சார். ஆண்டவர் மன்னிக்கட்டும், அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துதான் இருந்தது.

மேடம் வந்தார். பின்னால் அதிபர் சட்டைப் பையில் பேனாவோடு வந்து நின்றார். சார் அன்று நடத்தியது போல வாழ்நாளில் நடத்தியதில்லை. மேடம் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டார், பிள்ளைகள் டக்டக்கென்று விடை சொன்னார்கள். மேடம் புருவத்தை உயர்த்தி அதிபரைப் பார்த்தார். அதிபர் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சரி, அட்டையைக் காட்டுங்க" என்றார் சார்.

பச்சை, பச்சை, பச்சை. சார் பார்வையை ஓட்டிக்கொண்டே முன் வாங்குக்கு வந்தார். கலாராணியின் கையில் சிவப்பு.

"புள்ள, அட்டை மாறிப்போச்சு" என்றார் சார் மெல்ல.

"இல்லங்க சார். வெளங்கல."

மேடம் பக்கத்தில் வந்து குனிந்தார். "எக்ஸோட ஏழைக் கூட்டினா பன்னெண்டு. எக்ஸ் எவ்வளவும்மா?"

கலாராணி சாரை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

"ஆறுங்க மேடம்."

சார் கரும்பலகையில் சாய்ந்துகொண்டார். இனி அவரிடம் வைத்தியம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் மேடம் நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"அதிபர், நான் போற எடமெல்லாம் எனக்காகப் பச்சையை மட்டும் தூக்குறாங்க. வெளங்கலன்னு தைரியமா சொல்ற ஒரு புள்ளைய இன்னைக்குத்தான் பாக்குறேன். இந்தப் பழக்கத்த உண்டாக்கின ஆசிரியர இங்கயிருந்து அசைக்கவே கூடாது. இந்த வகுப்பையே முன்மாதிரியா எடுத்து, மத்த ஸ்கூல் ஆசிரியர்களயும் கூட்டிட்டு வந்து காட்டணும்."

"நானும் அதைத்தான் நெனச்சேன் மேடம்" என்றார் அதிபர். பேனா சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிட்டது.

மேடத்தின் வாகனம் போன பிறகு, சார் சமையல் கொட்டகைப் படியில் வந்து உட்கார்ந்தார். இன்றைக்கும் பஸ் போய்விட்டது. வீட்டுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மகளுக்கு இன்னொரு வருடமும் அவர் சனிக்கிழமைதான். வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டு இப்படியா வந்து தொலையவேண்டும்?

இராக்கம்மா சூடான தேயிலைச் சாயத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"குடிங்க சார். மொகமே வாடிப்போச்சு."

"ஒங்க மகளுக்கு அந்தக் கணக்குத் தூக்கத்துலகூட வரும் இராக்கம்மா. அது எனக்குத் தெரியும். ஏன் இன்னைக்குப் போயி சிவப்பத் தூக்கினா? என் மேல ஏதும் கோவமா?"

இராக்கம்மா பதறிப்போனாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயய்யோ, புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க சார், இந்த வாரம் ரஜீவ் வீட்டு முறைங்க, அவன் காச்சல்ல படுத்துட்டான், முறை தவறிப்போனா நீங்க பதுளைக்குப் போயிருவீங்களேன்னு பக்கத்துக் காம்பராக்காரி இவ தூக்கிட்டா!"