பதினான்காம் பக்கத்து அரக்கி

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் நலம். அங்கே அத்தான், பிள்ளைகள், உன் இரத்த அழுத்தம் எல்லாம் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன். இதற்கு மேல் உட்கார்ந்துகொண்டு படி.

என் மகள் சிறுவர்களுக்கு ஒரு படப் புத்தகம் போட்டிருக்கிறாள். பெயர் ‘அப்பாவின் பை போன ஊர்கள்’. எழுத்தும் அவள், படமும் அவள். ஊர் ஊராகப் போய் எடை மெஷின் பழுது பார்த்தவன் நான். அவள் சின்னவளாக இருந்தபோது, திரும்பி வந்ததும் "என்னப்பா பாத்தே?" என்று மடியில் ஏறிக்கொள்வாள். மாவு மில் தராசுக்கு எண்ணெய் போட்டேன் என்றா சொல்வது? கரடிக்கு எடை பார்த்தேன், அது ஒரு கிலோவைக் குறைத்துச் சொல்லச் சொன்னது என்று அளந்துவிட்டேன். அளப்பதுதானே தொழில்! அவள் ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருந்து, வண்ணம் தீட்டி அச்சடித்துவிட்டாள்.

கரடியோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். பதினான்காம் பக்கத்தில் நீ இருக்கிறாய், அக்கா. இரவல் வாங்கிய குக்கரை விசில் இல்லாமல் திருப்பிக் கொடுத்தாய் என்று என் பெண்டாட்டி உன்னோடு பேச்சை நிறுத்தினாளே, அந்த வருஷம் மில் வேலை இழுத்துவிட்டது என்று அவளிடம் சொல்லிவிட்டு உன் வீட்டுக்கு வந்து விழுந்துகிடந்தேன். மகளிடம் எப்படிச் சொல்வது? ஓர் அரக்கி பிடித்துவைத்து, போகவிடாமல் சோறு போட்டாள் என்று சொல்லிவைத்தேன். அவள் வரைந்திருக்கிறாள் பார்: இடுப்பில் ஒரு கை, மறு கையில் கரண்டி, மூக்கு நுனியில் கண்ணாடி. அச்சு அசல் நீயேதான். கொம்பு மட்டும் கூடுதல்.

போன ஞாயிறு நூலகத்தில் வெளியீடு. முன்னால் நாற்பது வாண்டுகள், நடுவில் என் பெண்டாட்டி. மகள் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினாள். ஒரு பொடிசு எழுந்து, "அரக்கி வீட்ல எத்தனை நாள் இருந்தீங்க?" என்று கேட்டது. கைதட்டல் மயக்கத்தில் "நாலு நாள்!" என்று கத்திவிட்டேன்.

"தப்பிக்கப் பாக்கலையா?"

"எதுக்கு? அந்தச் சாப்பாடு வேற எந்த வீட்ல கிடைக்கும்?"

நாற்பது பேரும் உருண்டு சிரித்தார்கள். ஒருத்தி சிரிக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஆரம்பித்தாள். "யாருங்க அந்த அரக்கி?"

"சும்மா, கற்பனை."

"கற்பனைக்குக் கண்ணாடி எதுக்கு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, கடைப் பலகைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து வீட்டில் பேச்சில்லை. தட்டு வைக்கிற சத்தம் மட்டும் தெருக்கோடி வரை கேட்கிறது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் நின்று எதையோ ஒப்பிட்டுப் பார்க்கிறாள். உன் பழைய போட்டோவைத் தோண்டி எடுத்துவிட்டாளோ என்னவோ.

அக்கா, அவள் போன் பண்ணினால் நான் உன் வாசல் மிதித்ததே இல்லை என்று அடித்துச் சொல்லு. கொஞ்ச நாளைக்கு இடுப்பில் கை வைக்காதே. புண்ணியமாகப் போகும்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். படித்ததும் கிழித்துவிடு.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: அண்ணி, இது நான் எழுதுவது. உங்கள் தம்பி இந்தக் கடிதத்தைப் பையில் வைத்தபடியே சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டார். அரக்கி யாரென்று அன்றைக்கே மகளிடம் கேட்டேன். "வேற யாரும்மா? உன்னைப் பாத்துத்தான் வரைஞ்சேன்" என்றாள். அந்தக் கோபத்தில்தான் நான் பேசவில்லை. நாலு நாள் சமாச்சாரம் இதைப் படித்த பிறகுதான் எனக்கே தெரியும். சனிக்கிழமை அவரையும் இழுத்துக்கொண்டு வருகிறேன். கரண்டியோடு வாசலில் நில்லுங்கள். கொம்பு நம்மில் யாருக்குப் பொருத்தம் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும்.